தண்டவாளம் போன பிறகும் பாதை

ராஜபாளையத்திலிருந்து கரிவலம்வந்தநல்லூர் பக்கமாகச் சங்கரன்கோவிலுக்குப் போகும் ரயில் பாதையை, ரயிலை மறந்துவிட்டு நிலமாக மட்டும் பார்க்கலாம். அகலம் சில பத்து மீட்டர்தான். நீளமோ விருதுநகரில் தொடங்கித் தென்காசி வரை நூறு கிலோமீட்டருக்கு மேல். கரிசல் காடு, செவக்காடு, குளத்து மடை, ஓடை, ஊர் எல்லை, தாலுகா எல்லை என்று எத்தனையோ குறுக்கே வந்தாலும் அந்த நிலம் எங்கும் அறுபடாமல் ஒரே கைப்பற்றில் இருக்கிறது. சுற்றிலும் உள்ள புஞ்சைகள் பாகப்பிரிவினையில் அரை ஏக்கர், கால் ஏக்கர் என்று சிதறிப்போன பிறகும் இந்த ஒரு நிலம் சிதறவில்லை. பொதிகை, சிலம்பு ரயில்கள் ஓடுகிற வரை இதன் அருமை யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்தப் பாதை கொடுத்து வைத்தது. மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பெயர்த்தவர்கள் 2000களின் தொடக்கத்தில் அகலப் பாதை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எல்லாப் பாதைக்கும் இப்படி மறுவாழ்வு கிடைப்பதில்லை. ரயில் நின்றுபோன பாதையின் நிலம் என்ன ஆகிறது, என்ன ஆக வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம். அதற்கு விடை தேடத் தமிழருக்கு மிக நெருக்கமான இடம் சிங்கப்பூர். அங்கே ஓடியதும் நம் பழைய பாதை போலவே மீட்டர் கேஜ். அதன் கரையோரம் வேலை செய்து வாழ்ந்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். உலகிலேயே நிலவிலை மிக அதிகமான நகரங்களில் ஒன்று, ஏறத்தாழ 24 கி.மீ. நீளமுள்ள ரயில் நிலத்தை விற்காமல் நடைபாதையாக வைத்திருக்கிறது.

சிங்கப்பூர்–கிராஞ்சி ரயில் பாதை 1903இல் திறக்கப்பட்டது. அப்போது தீவின் வடமுனையில் இறங்கிப் படகேறித்தான் ஜொகூர் போக வேண்டும். 1923இல் கடல்மேல் அணைப்பாலம் போட்டதும் ரயில் நேராக மலாயாவுக்குள் ஓடத் தொடங்கியது. 1932இல் தெற்குப் பகுதிப் பாதையை மாற்றி அமைத்து, துறைமுகத்துக்கு அருகே தஞ்சோங் பகார் நிலையத்தைக் கட்டினார்கள். அதன் முகப்பில் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் 4 பெரிய பளிங்குச் சிலைகள் நிற்கின்றன. மலாயாவின் ரப்பரும் வெள்ளீயமும் கப்பலேறுவதற்கு வந்து சேர்ந்த வாசல் அது.

மலாயா ரயில்வேயில் தமிழர் இருவிதமாக இருந்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் போன தமிழ்நாட்டுத் தொழிலாளிகள் மண் வெட்டினார்கள், ஜல்லி கொட்டினார்கள், ஸ்லீப்பர் கட்டை சுமந்தார்கள், கேங்மேன்களாகப் பாதையைக் காத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து போன ஆங்கிலம் படித்தவர்கள் குமாஸ்தாக்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் ஆனார்கள். ஒரே மொழி பேசியவர்கள் ஒரே துறையில் இரண்டு படிகளில் இருந்த கதை அது. கேங்மேன்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. சிங்கப்பூரில் குவீன்ஸ்வே அருகே ரயில் பாதையோரம் அவர்கள் 1932இல் கூரை வேய்ந்து முனீஸ்வரரை வைத்து வழிபட்ட இடம் மட்டும் நிலைத்தது. அந்தக் கோயில் இன்று காமன்வெல்த் டிரைவில் கோபுரத்தோடு நிற்கிறது. சாலை விரிவாக்கத்துக்காக அங்கே மாற்றப்பட்டு 1998இல் குடமுழுக்கு கண்டது. ஊர் எல்லையில் காவல் நிற்கும் சாமி, தண்டவாளத்தில் கால் வைத்துப் பிழைப்பவனுக்குக் காவலாகக் கடல் கடந்து போயிருக்கிறது. இன்றைய நடைபாதையைப் பற்றிப் பேசும் வழிகாட்டி நூல்கள் மரம், பறவை, பாலம் எல்லாவற்றையும் சொல்லும். இந்தக் கோயிலையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பாதையின் வரலாறு முழுமையாகும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த நிலம் துண்டுபடாமல் தப்பியதற்கு முதல் காரணம் மர ஆர்வம் அல்ல, அரசியல் பிணக்கு. 1918ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ரயில் நிலத்தின் பெரும்பகுதி மலாயா ரயில்வேக்கு 999 ஆண்டுக் குத்தகையில் போயிருந்தது. 1965இல் சிங்கப்பூர் தனி நாடானது. தீவின் நடுவே ஊடுருவிப் போகும் நீண்ட நிலம் மட்டும் மலேசிய ரயில்வேயின் கையிலேயே இருந்தது. 1990இல் இரு நாடுகளும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதற்குப் பொருள் கொள்வதில் தகராறு வந்து 20 ஆண்டுகள் இழுத்தது. 1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை வட எல்லையிலுள்ள உட்லண்ட்ஸுக்கு மாற்ற, மலேசியா தன்னுடையதைத் தஞ்சோங் பகாரிலேயே வைத்திருந்தது. அதனால் வடக்கே போகும் பயணி, சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும் முன்னரே மலேசியாவுக்குள் நுழைய அனுமதி பெற்றுவிட்டார். இந்த இழுபறிக் காலம் முழுவதும் சுற்றியிருந்த நகரம் அடுக்குமாடிகளாக வளர்ந்தது. ரயில் நிலத்தில் மட்டும் ஒரு செங்கல்லும் ஏறவில்லை. புல்லும் கொடியும் ஏறின.

2010 மே மாதம் அன்றைய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங்கும் மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் உடன்பாட்டுக்கு வந்தார்கள். தஞ்சோங் பகார், கிராஞ்சி, உட்லண்ட்ஸ், புக்கிட் தீமா நிலங்களை விட்டுக்கொடுப்பதற்கு ஈடாக, இரு நாட்டு அரசு முதலீட்டு நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனத்துக்கு நகர மையத்தில் 6 மனைகள் கிடைத்தன. மலேசியாவின் பங்கு 60 விழுக்காடு, சிங்கப்பூரின் பங்கு 40. அங்கே எழுந்த வானளாவிகள்தாம் இன்றைய மரீனா ஒன், டுவோ. 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கிளம்பிய கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார்.

அடுத்து நடந்ததுதான் நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி. கடைசி ரயிலுக்குப் பல மாதங்கள் முன்பே, 2010 அக்டோபரில், சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் அரசிடம் ஒரு முன்மொழிவைக் கொடுத்துவிட்டது. இந்த நிலத்தைத் துண்டு போடாமல் தொடர்ச்சியான பசுமைப் பாதையாக வைத்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். நேரம்தான் இங்கே முக்கியம். ரயில் நின்று, நிலம் துறை துறையாகப் பிரிக்கப்பட்டு, திட்டங்கள் எழுதப்பட்ட பிறகு கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும். அரசும் ஒரு நல்ல காரியம் செய்தது. தண்டவாளத்தைப் பெயர்க்கும் முன் 2011 ஜூலை முதல் பாதியில் பாதை முழுவதையும் மக்களுக்குத் திறந்துவிட்டது. வெளிநாட்டுச் சொத்து என்று இத்தனை காலம் ஒதுங்கியிருந்தவர்கள் குடும்பம் குடும்பமாகத் தண்டவாளத்தில் நடந்தார்கள். ஒரு நிலத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் மக்கள் அதன்மேல் நடந்திருக்க வேண்டும். மனு எழுதுவது அதற்கு அடுத்த வேலை.

இன்று தெற்கே ஸ்பூனர் சாலைப் பக்கம் தொடங்கி வடக்கு நோக்கி நடப்பவர் முதலில் அடுக்குமாடிகளின் முதுகுப்புறத்தைக் காண்பார். நகரம் தன் முகத்தைச் சாலைப் பக்கம் வைத்துக்கொண்டது. ரயில் பக்கம் தெரிவது துணி காயும் கழிகளும் சமையலறை ஜன்னல்களும்தான். தங்ளின் ஹால்ட், ஹாலந்து சாலை தாண்டியதும் இரு பக்கமும் மரம் நெருங்குகிறது. கிளமெண்டி காடு என்று இன்று அழைக்கப்படும் அந்த 85 ஹெக்டேர், ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டம். கைவிட்டதும் தானாகக் காடாயிற்று. பிறகு வருகிறது 1932இல் கட்டிய புக்கிட் தீமா நிலையம். ஒற்றைப் பாதையில் எதிரெதிர் ரயில்கள் மோதாமல் இருக்க, ஓட்டுநரிடம் டோக்கன் கொடுத்து வாங்கும் முறை கடைசி வரை அங்கே இருந்தது. வளையத்தில் மாட்டிய டோக்கனை ஓடும் ரயிலிலிருந்து கைமாற்றும் காட்சி நம் மீட்டர் கேஜ் காலத்துப் பெரியவர்களுக்கும் நினைவிருக்கும். நிலையக் கட்டடத்தைப் புதுப்பித்து 2022 ஜூலையில் திறந்தார்கள்.

நிலையத்தை அடுத்து புக்கிட் தீமா சாலைக்கு மேலே ஓர் இரும்புப் பாலம். சற்று வடக்கே அதே போல இன்னொன்று. தண்டவாளம் முழுவதையும் மலேசியாவிடம் ஒப்படைத்தபோதும் இந்த இரண்டு பாலங்களையும் அவற்றின் மேலிருந்த தண்டவாளத்தையும் விட்டுவைத்தார்கள். பாலங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் ஒரு பக்கம் புக்கிட் தீமா இயற்கைக் காப்புக்காடு. எறும்புத்தின்னி வாழும் காடு அது. விலங்குக்கும் பறவைக்கும் இந்த நீண்ட பசுமை ஒரு காட்டிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழி. தீவில் சிதறிக் கிடக்கும் சிறு காடுகள் தனித்தனியே மெலிந்து போகாமல் இருக்க இந்த இணைப்பு வேண்டும் என்பதுதான் இயற்கைச் சங்கத்தின் வாதங்களில் வலுவானது. இன்னும் வடக்கே, 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்த பழைய ஃபோர்டு தொழிற்சாலை பாதையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அந்தச் சரணாகதிக்குப் பின்தான் மலாயாவின் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம்–பர்மா ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டார்கள். பலர் திரும்பவில்லை.

நடைபாதையின் அமைப்பிலும் ஒரு நிதானம் தெரிகிறது. 2015இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் ஜப்பானின் நிக்கென் செக்கெய், சிங்கப்பூரின் டியர்ரா டிசைன் ஆகியவற்றின் கூட்டுத் திட்டம் தேர்வாயிற்று. காங்கிரீட்டில் அலங்காரம் செய்யாமல், மழைநீர் இறங்கும் மண்–சரளைப் பாதையாகவே பெரும்பகுதியை விட்டிருக்கிறார்கள். நடுப்பகுதியின் 4 கி.மீ. 2021 மார்ச்சில் மறுபடி திறக்கப்பட்டது. பாதைக்கு அடியில் இன்னொரு வேலையும் நடந்தது. நகருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் 22 கி.மீ. நீள மர்னேன் குழாயில் ஏறத்தாழப் பாதியை இந்த ரயில் நிலத்துக்குக் கீழேயே புதைத்தார்கள். பரபரப்பான சாலைகளைத் தோண்ட வேண்டிய தேவை அந்த அளவுக்குக் குறைந்தது. மேலே மனிதர் நடக்க, பக்கத்தில் விலங்கு போக, கீழே குடிநீர் ஓடுகிறது. நிலத்தை நூறு மனையாக விற்றிருந்தால் ஒருமுறை பணம் வந்திருக்கும். இந்த மூன்றும் போயிருக்கும்.

சிங்கப்பூரில் எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2021 பிப்ரவரியில் கிராஞ்சி அருகே, பாதையை ஒட்டிய காட்டில் சில ஹெக்டேர் சுற்றுச்சூழல் ஆய்வு முடியும் முன்பே தவறாக அழிக்கப்பட்டது தெரியவந்து பெரும் கண்டனம் எழுந்தது. கிளமெண்டி காடும் வரைபடத்தில் வீட்டு மனைக்குக் குறிக்கப்பட்ட நிலம்தான். இப்போதைக்கு அவசரமில்லை என்ற அளவில் நிற்கிறது. பாதை பிழைத்தாலும் அதன் இரு பக்கப் பச்சையும் தேய்ந்தால், மிஞ்சுவது இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு சந்து.

உலகில் வேறு இடங்களில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். பாரிஸில் 1969இல் ரயில் நின்ற பாதை 1993இல் மரங்கள் அடர்ந்த உயர்நடைபாதையாயிற்று. நியூயார்க்கின் ஹைலைனில் 1980இல் கடைசிச் சரக்கு ரயில் ஓடியது. 2009இல் அதன் முதல் பகுதி பூங்காவாகத் திறந்தது. ஸ்பெயின் 1993 முதல் நாடு முழுவதும் ரயில் தடங்களைப் பசுமை வழிகளாக்கி 3,000 கி.மீ.க்கு மேல் சேர்த்திருக்கிறது.

இவற்றிலெல்லாம் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அமெரிக்கா 1983இல் செய்த ஒரு சட்டத் திருத்தம். ரயில் நிறுவனம் கைவிடும் பாதையை, பிற்காலத்தில் ரயில் மறுபடி தேவைப்படலாம் என்ற நிபந்தனையோடு, இடைக்காலத்தில் நடைபாதையாகப் பயன்படுத்த அந்தச் சட்டம் இடம் தருகிறது. நிலம் கலையாது. நடப்பவர் நடக்கலாம். ரயில் தேவைப்படும் அன்று ரயிலும் வரலாம். 1990இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றது.

ஹைலைன் ஓர் எச்சரிக்கையும் தருகிறது. பூங்கா வந்ததும் அக்கம்பக்கத்து வாடகையும் மனைவிலையும் தாவின. பக்கத்திலிருந்த ஏழைக் குடியிருப்பினருக்குத் தாங்கள் போதிய பயன் தரவில்லை என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் ஹேமண்ட் 2017இல் வெளிப்படையாகச் சொன்னார். அட்லாண்டா நகரைச் சுற்றிய பழைய ரயில் தடங்களை 22 மைல் வளையமாக இணைக்கும் யோசனையை 1999இல் தன் மாணவர் ஆய்வேட்டில் எழுதியவர் ரையன் கிராவல். குறைந்த வாடகை வீடுகளுக்குப் போதிய அக்கறை காட்டவில்லை என்பதற்காக அதே திட்டத்தின் நிர்வாகக் குழுவிலிருந்து 2016இல் விலகினார். தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. ரயில் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர்கள் பெரும்பாலும் வேறு போக்கிடம் இல்லாதவர்கள். அவர்களைத் துரத்திவிட்டு உலாத்துவதற்குப் புல் வளர்ப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். வீடு முதலில், பாதை பிறகு.

நம் கதைக்கு வருவோம். பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுபோக உதவும் என்று போடப்பட்ட குறும்பாதைகள் இரண்டு சேலம் வட்டாரத்தில் இருந்தன. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி 1905இலும் மொரப்பூர்–தருமபுரி 1906இலும் வந்தன. பின்னது ஓசூர் வரை நீண்டது. 1940களின் தொடக்கத்துக்குள் இரண்டையும் மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டார்கள். நிலத்தை யாரும் பாதையாக நினைத்துக் காக்கவில்லை. இன்று தருமபுரி மக்கள் மொரப்பூர் வரை 36 கி.மீ. ரயில் கேட்டு, 2019இல் அடிக்கல்லும் நாட்டியாயிற்று. ஆனால் பழைய தடத்தின்மேல் வீடும் கட்டடமும் வந்துவிட்டதால் வேறு வழி தேடிப் புதிதாக நிலம் எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு தலைமுறை கையில் வைத்திருந்ததை அடுத்தடுத்த தலைமுறைகள் விலை கொடுத்து வாங்குகின்றன. பழைய தடத்தில் மரம் நட்டு மக்களை நடக்க மட்டும் விட்டிருந்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சம்.

நம் தெற்குச் சீமையிலும் ஒன்று உண்டு. குலசேகரன்பட்டினம் சர்க்கரை ஆலைக்காக பாரி நிறுவனத்தார் நடத்திய சிறு ரயில், முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து திசையன்விளை வரை பயணிகளையும் ஏற்றிச் சென்றது. 1940ஆம் ஆண்டோடு முடிந்தது. தேரிக்காட்டு மணலும் பனையும் கடலும் சேர்ந்த அந்த வழித்தடத்தில் இன்று ரயில் ஓடியதற்கான அடையாளத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இன்னும் வாய்ப்பு மிஞ்சியிருப்பதாக நான் கருதுவது மயிலாடுதுறை–தரங்கம்பாடி. 1926இல் திறந்த 30 கி.மீ. பாதை, 1986இல் நிறுத்தப்பட்டது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று பாடல் பெற்ற தலங்களையும் விடுதலைப் போர் நினைவையும் தொட்டுக்கொண்டு, டேனியர் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை வரை போகும் தடம் அது. இப்படி ஒரு நடைவழி அமையத் தமிழ்நாட்டில் வேறு இடம் எனக்குத் தோன்றவில்லை. சமவெளி ரயில் பாதையில் ஏற்றம் நூறு அடிக்கு ஓர் அடிகூட இருக்காது. முழங்கால் வலிக்காரரும், சக்கர நாற்காலியில் போகிறவரும், சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் சிரமமில்லாமல் போகலாம். லாரிகளுக்கு ஒதுங்கித் தார்ச்சாலை விளிம்பில் நடக்கும் பாதயாத்திரைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

தண்ணீர் விஷயமும் இருக்கிறது. ரயில் மேடு போடும்போது வாய்க்கால் எங்கே குறுக்கிடுகிறதோ அங்கெல்லாம் மதகுப் பாலம் வைப்பார்கள். ரயில் ஓடும் வரை ரயில்வே அதைத் தூர்வாரும். நின்ற பிறகு யார் பொறுப்பும் இல்லை. அடைத்துக்கொண்ட ஒரு பாலம் மழைக்காலத்தில் ஒரு பக்க வயலை மூழ்கடித்து, மறு பக்கத்தைக் காயப்போடும். பாதையில் ஆள் நடமாட்டமும் ஊராட்சியின் பராமரிப்பும் இருந்தால் அந்த மதகுகளும் உயிரோடு இருக்கும். டெல்டாவுக்கு இது நடைபாதையைவிடப் பெரிய ஆதாயம்.

மயிலாடுதுறை–தரங்கம்பாடி மக்கள் கேட்பது ரயிலை. அது நியாயமான கோரிக்கை. நடைபாதை அதற்குப் போட்டி ஆகாது. அமெரிக்கச் சட்டம் காட்டும் வழியில், ரயில் வரும் வரை நிலத்தைக் கலையாமல் வைத்திருக்கும் காவல் அது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. நம்மிடம் இருப்பது ரயில் நில மேம்பாட்டு ஆணையம். ரயில்வேயின் காலி நிலங்களை வணிகப் பயன்பாட்டுக்குக் குத்தகைக்கு விட்டு வருவாய் ஈட்டுவது அதன் வேலை. நிலையத்தை ஒட்டிய சதுர நிலத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தலாம். நீள நிலத்துக்குப் பொருந்தாது. நீள நிலத்தின் மதிப்பு அதன் பரப்பளவில் இல்லை, தொடர்ச்சியில் இருக்கிறது. நடுவில் ஒரு பர்லாங்கை விற்றுவிட்டால் மீதி முப்பது கிலோமீட்டரும் பாதை என்ற தகுதியை இழந்துவிடுகிறது. நீளமாகக் கிடக்கும் ரயில் நிலத்தைத் தனி வகையாகப் பதிவு செய்து, துண்டு போட்டு விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்று விதி செய்வதற்கு ஒரு ரூபாய்ச் செலவும் இல்லை.

அந்த விதி வரும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊரில் ரயில் நின்றுபோன பாதை இருந்தால், பழைய புல வரைபடத்தைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். எங்கே நிலம் மிஞ்சியிருக்கிறது, எங்கே மதகு இருக்கிறது, யார் குடியிருக்கிறார்கள் என்று நடந்து பார்த்துக் குறியுங்கள். கிராம சபையில் அதை வைத்துத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் இயற்கைச் சங்கத்தார் கடைசி ரயில் போவதற்கு முன்பே மனுக் கொடுத்தார்கள். தரங்கம்பாடிக்கு ரயில் நின்றுபோய் ஏறத்தாழ நாற்பது ஆண்டு ஆகிறது, இனியும் தாமதிக்காதீர்கள்.